வாசப்படி மறியல்

தியாகதுருகத்தில் பஸ் நின்று போயிருந்தது. இடஒதுக்கீடு கேட்டு மறியல். சாலை நெடுக மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். காஜா மைதீன் கடலை மண்டியைப் பூட்டிவிட்டு, கிழிந்த கோணிகளையெல்லாம் தைப்பதற்காக வீட்டுக்கு அள்ளி வந்து கூடத்தில் போட்டார். கை சும்மா இருந்தால் அந்த மனிதருக்குச் சோறு செரிக்காது.

அன்று சாயங்காலமே பேகம் அவர் காலைப் பிறாண்டியது. குட்டியிலிருந்து அவர் மடியிலேயே தூங்கி வளர்ந்த பூனை! மறுநாள் கையைக் கடித்து ரத்தமே வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தவர் தீர்ப்பையும் சொல்லிவிட்டார்.

"வெறி புடிச்சிருச்சி. ரோடு தெறக்கட்டும். கோணியில கட்டி மணலூர்பேட்டை ஆத்துக்கு அந்தாண்ட வுட்டுட்டு வரேன்."

அவர் மனைவி அஸ்ரப் நிஷாவுக்கு வயிறு எரிந்தது. அவர் மண்டிக்குப் போய்விட்டால் அந்த வீட்டில் அவளுக்குப் பேச்சுத்துணை பேகம்தான். வெறி பிடித்திருந்தால் அவளையும் அல்லவா கடித்திருக்க வேண்டும்? அவள் மடியில் அது சொகுசாகச் சுருண்டு கிடந்தது. அவர் கோணியை விட்டு எழுந்து வந்தால் மட்டும் வால் புசுபுசுவென்று உப்பியது.

சாலை திறந்தது. பஸ் ஹாரன் கேட்டதும் காஜா மைதீன் ஒரு கோணியை உதறினார். பேகம் பாய்ந்தது. அவர் மேல் அல்ல, கோணி மேல்!

நிஷா கோணியைப் பிடுங்கி முகர்ந்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"மண்டியில கடுவன் பூன வருதா?"

"வரும். மூட்ட மேலயே படுத்துக்கினு இருக்கும். அதுக்கின்னா?"

"அது பேஞ்சு வெச்ச கோணி இது! நீங்க இதும்மேலயே குந்திக்கினு தைக்கிறீங்க. கைலியெல்லாம் அதே நாத்தம். வூட்டுக்குள்ள வேத்துப் பூன பூந்துடுச்சின்னு பாயுது. கோணியத் தூக்கி வெளிய போடுங்க."

"வெளிய போட்டா எலி கடிச்சிடும்."

"பூனைய வெளிய போட்டா எலி உள்ளார வந்து கடிக்கும்!"

அவர் வீம்புக்கு இன்னொரு கோணியை எடுத்தார். நிஷா வாசப்படியில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னா பண்ற?"

"மறியல்."

"ரோட்டுலயே முடிஞ்சிருச்சி."

"இங்க இப்பத்தான் ஆரம்பம். அவங்க மரத்தச் சாய்ச்சு நாயம் கேட்டாங்க. இதுக்கு இருக்கிறது பல்லும் நகமுந்தான். இன்னா கேக்குதுன்னு பாக்காம ஆத்துக்கு அந்தாண்ட வுட்ருவீங்களா? என்னத் தாண்டிப் போங்க பாக்கலாம்."

தெருவில் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். காஜா மைதீனுக்கு மானம் போயிற்று. கோணிகளைக் கொல்லையில் வீசினார். தலைக்குக் குளித்தார். வெளுத்த கைலி கட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார்.

பேகம் தூரத்தில் நின்று மூக்கை நீட்டியது.

"இப்பவாவது எழுந்திரேன்" என்றார் மெதுவாக.

"அது ஒங்க மடியில ஏறட்டும். அப்பறம் எழுந்துக்கிறேன்."