மைமூனா கேட்காமல் விட்ட எலும்பு

போன வருஷம் மைமூனாவின் மூத்த மகளின் கல்யாணத்தில் நாங்கள் ஆறு பெண்கள் ஒரு சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட்டோம். மைமூனா ஒரு இறைச்சித் துண்டைத் தன் தம்பி மனைவி பரீனாவின் பக்கம் தள்ளினாள்.

"பிச்சுத் தரவா பரீனா? பல்லில்லாத புள்ளைக்கு நாமதானே தீத்தணும்."

எல்லோரும் சிரித்தோம். சிரிக்காவிட்டால் அடுத்த கல்யாணத்துக்கு அழைப்பு வராது. மைமூனாவின் முன்பல் கொழும்பில் வைத்த பொய்ப்பல். "ஏதோ வெள்ளைப் பொடி போட்டு முடிச்சாங்க" என்று எங்கள் தில்லையடி ஊர் முழுக்க இளித்துக் காட்டித் திரிந்தவள்.

அடுத்த கிழமையே பரீனா நௌஃபர் பல் டொக்டரின் கதிரையில் வாயைத் திறந்து கிடந்தாள். துணைக்குப் போனது நான். போகாவிட்டால் பிறகு எனக்கு யார் விபரம் சொல்வது?

கடைவாய்ப் பல் விழுந்த இடம் தேய்ந்துவிட்டதாம். பொய்ப்பல்லுக்குத் திருகாணி இறக்க எலும்பு காணாதாம்.

"மாட்டெலும்புப் பொடி இருக்கு. பன்றியில செஞ்சதும் அதே மாதிரி வெள்ளையாச் சந்தையில இருக்கு, கேட்டுத்தான் போடணும்," என்றார் டொக்டர். "இல்லாட்டி உங்கட தாடையிலயே பின்னால சுரண்டி எடுக்கலாம். ரெண்டு இடத்தில நோகும்."

"நோகட்டும். என்ட எலும்பையே வைங்க."

சுரண்டிய துகளை, அவளுடைய இரத்தத்தைச் சுழற்றி எடுத்த பசையில் குழைத்து அப்பினார். அதே இரத்தத்தில் செய்த சவ்வால் மூடிப் பல் முரசின் சதையைத் தைத்தார். எலும்பு இறுக ஆறு மாதம், திருகாணி ஊன்ற இன்னும் நாலு மாதம். கஞ்சியைக் குடித்துக் குடித்துக் கோபத்தை வளர்த்தாள் பரீனா.

இந்த மாதம் மைமூனாவின் இளைய மகளுக்குக் கல்யாணம். பரீனா நேரே போய் மைமூனாவின் சஹனில் எதிரே அமர்ந்தாள். நரம்போடு கிடந்த துண்டாகப் பார்த்து எடுத்து மென்றாள், மைமூனாவின் முகத்தைப் பார்த்தபடியே.

மைமூனாவுக்குப் பொறுக்கவில்லை. "பன்றி எலும்பும் வெச்சுக் கட்டுறாங்களாமே. பாத்துச் செஞ்சியா?"

அந்தக் கதை என் வாயால் போனதுதான். பரீனா பரப்பச் சொல்லித்தான் போனது.

"என்ட எலும்பு, மதினி. சுரண்டின தழும்பு வாய்க்குள்ள இருக்கு. உங்கட வெள்ளைப் பொடி என்னத்திண்ட எலும்பு?"

"மாடாத்தான் இருக்கும்..."

"இருக்குமா? கேட்டீங்களா?"

மைமூனா முன்பல்லை உதட்டால் மறைத்தாள். மற்ற நாலு கைகளும் சஹனை விட்டு விலகின. என் கையும்தான்.

பரீனா இறைச்சியை நார் நாராகப் பிய்த்து அவள் பக்கம் தள்ளினாள்.

"தின்னுங்க மதினி. பல்லே தேவையில்ல."