மூலையில்லாத வீடு

தாணப்பன் பம்பாய்க்குப் போனது என்னவோ ஜவுளி எடுக்கத்தான். திரும்பி வந்தது ஒரு வீட்டுப் பைத்தியத்தோடு. கடற்கரையோரம் வரிசையாக நின்ற புதுப்பாணிக் கட்டிடங்களைப் பார்த்துவிட்டார், அவ்வளவுதான். தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில் கோட்டாற்றில் அவர் எழுப்பிய வீட்டுக்கு மூலையே கிடையாது. தெருமுனையில் சுவர் அப்படியே வளைந்து திரும்பும். முகப்பு நெடுக மூன்று கோடுகள் படுக்கைவாட்டில் ஓடும். கப்பலில் உள்ளதுபோல வட்ட ஜன்னல், மொட்டைமாடிக்கு இரும்புக்குழாய்க் கைப்பிடி. ஓடு இல்லை, உத்திரம் இல்லை, தூணில் ஒரு பூவேலை இல்லை. எல்லாம் வழவழவென்று இருக்கவேண்டும், கண் எங்கும் தட்டக்கூடாது, அதுதான் இதன் அழகு என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லித் திரிந்தார். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

மேல்தளத்துக்குக் கம்பி கட்டி முடித்த அன்று, கொத்தனார்களுக்குக் காப்பி கொண்டுவந்த அவர் மனைவி உலகம்மை அண்ணாந்து பார்த்தாள்.

"இஞ்ச பாருங்க, கான்கிரீட் போடதுக்கு முன்ன நடுவுல ஒரு கொக்கி வைக்கச் சொல்லுங்க. தொட்டில் கட்ட உத்திரமும் கெடையாதுல்லா."

கல்யாணமாகிப் பத்து வருஷம். குழந்தை இல்லை. வாய்விட்டுக் கேட்க அவளுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்.

தாணப்பன் சிரித்தார். "பத்து வருஷமா வராத பிள்ளைக்குக் கொக்கி ஒண்ணுதான் கொறச்சலாக்கும். தளத்துக்க அழகே போயிரும்ட்டி."

கொத்தனார்களும் சிரித்தார்கள். உலகம்மை டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் தளம் போட்டாயிற்று.

குடிபோன மூன்றாம் வருஷம் அவள் உண்டானாள். ஏழாம் மாதம் தேரூரிலுள்ள அப்பா வீட்டுக்குப் போனாள். பெண் பிறந்தது. ஆறு மாதமாகியும் அவள் திரும்பவில்லை. கூப்பிடப் போனபோதெல்லாம் "இப்பம் வேண்டாம்" என்றாள்.

நாக்கில் நரம்பில்லாமல் பேசிவிட்டோமே என்று தாணப்பன் நாளெல்லாம் குமைந்தார். தளத்தைத் துளைத்தால் ஒழுகும் என்று மேஸ்திரி கையை விரித்தார். கடைசியில் கால் வைத்த தேக்குத் தொட்டில் ஒன்றைச் செய்வித்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு தேரூருக்குப் போனார்.

உலகம்மை அதைத் தடவிப் பார்த்தாள். "நல்லாருக்கு."

"அப்பம் பொறப்படு. அன்னைக்குக் கொக்கி வைக்காதது எந் தப்புதான்."

"கொக்கிக்கென்ன, பிள்ள எங்க போட்டாலும் உறங்கும்" என்றாள் உலகம்மை. "அத்தன பேரு சிரிச்ச எடம் அது. எனக்குத்தான் அங்க உறக்கம் வராது. இருந்த மூணு வருஷமும் வரல்ல."

அந்த மூன்று வருஷமும் அவள் பக்கத்தில்தான் தாணப்பன் குறட்டை விட்டுத் தூங்கியிருந்தார்.