குடிக்க வைத்திருந்த தண்ணீர்

அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தின் மூன்றாம் நாள் அது. தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறை நடத்தும் ஃபர்ஸானா, தன்னிடம் வேலை பார்க்கும் ஐந்து பெண்களோடு மும்பைக்கு வெளியே, கர்ஜத் பக்கத்து ஏரிக்கரையில் வந்து இறங்கியபோது வனத்துறை கேட் திறந்தே கிடந்தது. காவலர் அறை பூட்டு. கழிப்பறையும் பூட்டு. குழாயில் காற்றுதான் வந்தது. தங்குகிறவர்கள் தங்கள் பொறுப்பில் தங்கலாம் என்று மராத்தியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது.

"திரும்பிருவமாக்கா?" என்றாள் அந்த ஐவரில் ஒருத்தியான பேராச்சி.

"ரெண்டு வருசமா ஆர்டர் ஆர்டர்னு ஓடிட்டு இப்பத்தான் பட்டறைய அடைச்சிருக்கோம். நம்ம பொறுப்புலதான இருக்கச் சொல்லுதான்? இருப்போம்."

கூடாரம் அடித்தார்கள். ஏரியை விட்டு நன்றாகத் தள்ளி, புதர் மறைவில் கக்கூஸுக்குக் குழி தோண்டினார்கள். குப்பைக்கு ஒரு சாக்கு கட்டினார்கள். புல் காய்ந்து கிடந்ததால் விறகைத் தொடாமல், சின்ன கேஸ் அடுப்பில் சோறு பொங்கினார்கள். கொண்டுவந்த கேனில் பாதித் தண்ணீர் மிச்சமிருந்தது. காலைவரைக்கும் அதுவும் கைப்பையில் ஒரு பாட்டிலும்தான்.

பொழுது சாயும்போது இரண்டு ஜீப்புகள் வந்தன. மும்பை செம்பூரில் வசதியான வீட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் என்று பேச்சிலேயே தெரிந்தது. வந்ததும் காய்ந்த புல்லுக்கு நடுவே விறகை அடுக்கித் தீ மூட்டினார்கள். காற்றில் பொறி பறந்தது. ஃபர்ஸானா எழுந்து போனாள்.

"தம்பி, அணைச்சிருங்க. காடு பத்திக்கிடும்."

அவள் பேசிய தமிழைக் கேட்டதும் அவர்களில் நகுல் என்பவன் சிரித்தான். "கவர்மெண்டே பந்த், ஆன்ட்டி. நீங்க என்ன ஃபாரஸ்ட் ஆபீசரா? எங்கேருந்து வர்றீங்க?"

"தாராவி."

"தாராவிலேர்ந்து வந்து எங்களுக்கு கிளாஸ் எடுக்கறீங்களா?"

ஃபர்ஸானாவுக்கு முகம் சுட்டது. ஆனால் குரலை உயர்த்தவில்லை. "ஆமா. எங்க சந்துல முந்நூறு பேருக்கு எட்டு கக்கூஸ். கழுவ ஆளு வரலன்னா நாங்களே கழுவுதோம். கேக்க ஆளில்லாத எடத்துல எப்படி இருக்கணும்னு எங்களுக்குத் தெரியும்."

திரும்பி வந்து கேனைத் தூக்கினாள். பேராச்சி மறுபக்கம் பிடித்தாள்.

"அக்கா, குடிக்க..."

"பிடிளா."

தீயின் மேல் கவிழ்த்தார்கள். புகை கிளம்பியது. நகுல் கத்திக்கொண்டே நெருங்கி வந்தான். ஃபர்ஸானா ஓர் அடிகூட நகரவில்லை. அதற்குள் மற்ற நால்வரும் அவள் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். நடுவில் கங்கு இன்னும் சிவந்திருந்தது. நகுலோடு வந்த ஷ்யாமளா தன் பாட்டிலைத் திறந்து அதன் மேல் ஊற்றினாள்.

"விடு நகுல். அவங்க சொல்றது சரிதான்."

நகுல் போய் வண்டியைக் கிளப்பினான். ஃபர்ஸானா அவர்கள் போட்டிருந்த சிப்ஸ் கவர்களையும் காலி பாட்டில்களையும் பொறுக்கி, ஜீப்பின் பின்சீட்டில் போட்டாள். அவன் முறைத்தான். அவளும் முறைத்தாள். வண்டிகள் போய்விட்டன.

ஆறு பேருக்கும் சேர்த்துக் கைப்பையில் கிடந்த ஒரு பாட்டில் தண்ணீர்தான் மிச்சம். ஆளுக்கு ஒரு மடக்குக் குடித்தார்கள். அணைந்த சாம்பலைக் கையால் தொட்டுப் பார்த்து, சூடு இல்லை என்று உறுதியான பிறகுதான் ஃபர்ஸானா கூடாரத்துக்குள் போனாள்.