ஒன்பதாம் நம்பர் மிஷினின் நொண்டித் தையல்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ளுங்கள், கதை மெதுவாகத்தான் நடக்கும். சட்டைக்குக் கழுத்துப் பட்டன் வைத்த ஒருத்தியின் கதை இது.

அவள் வேலை பார்த்த தையல் ஆலையில் ஒரு காலத்தில் பக்கத்து ஆள் தும்மினால்கூடக் கேட்காது, அவ்வளவு மிஷின் சத்தம். பிறகு நம் நாட்டு அரசாங்கமும் கடல் தாண்டி இருக்கிற இன்னொரு நாட்டு அரசாங்கமும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டன. அங்கே தைத்த சட்டை வரியில்லாமல் இங்கே வரலாம்; கடைசி வேலை மட்டும் இங்கே நடந்தால் போதும். அங்கே கூலி குறைவு. முதலாளி மிஷின்களையெல்லாம் கப்பலில் ஏற்றிவிட்டார். அவற்றைப் பூட்டி ஓட்டுவதற்கு மெக்கானிக்கும் கூடவே போனான். அவன்தான் இவள் புருஷன். மிஷினே இல்லாத ஊரில் மெக்கானிக்குக்கு என்ன வேலை? சட்டைக்கு வழி விட்டவர்கள், பெண்டாட்டியைக் கூட்டிப்போக வழி விடவில்லை.

கடைசி வேலை என்றால் கழுத்துப் பட்டன். அதற்கு இவளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய கூடத்தில் ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, இவள். தரையில் மிஷின்கள் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறைகள். சாப்பாட்டு நேரத்தில், தான் முன்பு தைத்த ஒன்பதாம் நம்பர் மிஷின் விட்டுப்போன கறைக்குப் பக்கத்தில் போய்த்தான் டப்பாவைத் திறப்பாள்.

அந்த மிஷின் கொஞ்சம் நொண்டும். ஒழுங்காகத் தைத்துக்கொண்டே வந்து திடீரென ஒரு தையலை நீளமாகப் போட்டுவிடும். கல்யாணத்துக்கு முன்னால் அதை ரிப்பேர் பார்க்கிற சாக்கில்தான் அவன் இவள் பக்கத்தில் வந்து வந்து நின்றான். வேண்டுமென்றே முழுசாகச் சரிசெய்யவில்லை என்று பின்னால் ஒத்துக்கொண்டான்.

ஒரு நாள் அங்கிருந்து வந்த சட்டையின் தோளில் அதே நொண்டித் தையல். இவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். போனில் அவன் பேச்சு சாப்பிட்டாயா, தூங்கு என்று சுருங்கிப்போயிருந்த நேரம் அது. அவனைவிடத் தையல் அதிகம் பேசியது. பழுதான சட்டையை ஒதுக்குவதும் இவள் பொறுப்புதான். ஒதுக்கவில்லை. தடவிப் பார்த்துவிட்டு நல்ல சட்டைகளோடு அனுப்பிக்கொண்டே இருந்தாள்.

கடைகளிலிருந்து மூட்டை திரும்பி வந்தது. சூப்பர்வைசர் இவளைத் திட்டவில்லை. அங்கே தைக்கிற பெண்ணின் கூலியில் பிடித்துவிட்டார்கள், இன்னொரு முறை என்றால் அவள் வேலையே போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனார். தன் பழைய மிஷினுக்கு முன்னால் அங்கே வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள் என்று இவள் அதுவரை நினைத்தே பார்த்ததில்லை.

சாயங்காலம் போன் போட்டாள்.

“ஒன்பதாம் நம்பர் இன்னும் நொண்டுதா?”

“நொண்டுது. சரி பண்ணக் கை வரல. உன்னோடதுன்னு இங்க அது ஒண்ணுதான இருக்கு.”

“அதுல யாரு உக்காந்திருக்கா?”

“ஒரு கைக்குழந்தைக்காரி. ஏன், சந்தேகமா?”

“உங்க அழகுக்கு அது ஒண்ணுதான் குறைச்சல். மிஷினைச் சரி பண்ணிக் குடுங்க. பாவம், அவ கூலி போகுது.”

“அப்புறம் எது உன் மிஷின்ல தச்சதுன்னு உனக்கே தெரியாதே.”

“தெரியாட்டிப் போகட்டும். நான் சட்டையாப் பொறந்திருந்தா வரியில்லாம வந்து பாத்துட்டுப் போயிருப்பேன்.”

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

அடுத்த மூட்டை வந்தது. ஒவ்வொரு தோளாகத் தடவிப் பார்த்தாள். எல்லாம் ஒரே சீர். சட்டைகளை அடுக்கினாள், விளக்கைக் கிட்டே இழுத்தாள், முதல் சட்டையின் கழுத்தில் ஊசியைக் குத்தினாள்.

உங்கள் வீட்டு ஆட்கள் எங்கே வேலைக்குப் போனாலும் விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலுக்கு வந்து சேரட்டும், கண்ணுகளா. உங்கள் வீட்டில் சாப்பிட ஆளில்லாமல் ஒரு தட்டுகூடக் கவிழ்ந்து கிடக்காமல் இருக்கட்டும்.