அறிந்த கருவிகள் மட்டும்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஜன்னல் வழியாக வந்து விழுந்தது. முல்லா வீதியில் ஷரீபாம்மாவின் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். கீழே கொல்லையில் மார்பளவுக்கு ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ரஞ்சிதம். இரண்டு பேரும் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு தினமும் பேசுவார்கள். சங்கரா மீன் என்ன விலை, யார் வீட்டில் என்ன குழம்பு. கொஞ்ச நாளாக அந்தச் சத்தம் இல்லை. எனக்கும் எழுத வரவில்லை. அந்தப் பேச்சின் மேல்தான் என் வாக்கியங்கள் உட்கார்ந்திருந்தன போலிருக்கிறது.

சரி, பேச்சு நின்றதையே எழுதலாமென்று இப்படித் தொடங்கினேன்:

‘கம்பியில்லா இணையத்தைப் பரப்பும் பெட்டி ஒரு வீட்டின் கண்ணுக்குத் தெரியாத வாசல். அதற்குப் பல பூட்டுகள் உண்டு. முதல் பூட்டு கடவுச்சொல். இரண்டாவது—’

[அடித்துவிட்டேன். ஷரீபாம்மா கேட்டால், “யாருக்கும்மா பாடம் நடத்துற?” என்பார்.]

2

ஷரீபாவின் கூடத்தில், பழைய தொலைபேசி இருந்த மாடத்துக்கு மேலே, கவிழ்த்த பீங்கான் தட்டு மாதிரி ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கிறது. நடுவில் பச்சை விளக்கு. போன விடுமுறைக்கு வந்தபோது மகன் ஷஃபீக் மாட்டியது. அவன் பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறான். யார் நுழையலாம், அலை எவ்வளவு தூரம் போகலாம், பெட்டி எப்போது தூங்கி எழலாம் எல்லாவற்றையும் அங்கிருந்தே கைபேசியில் பார்த்துக்கொள்வான். பெட்டிக்கு ‘ஷே ஷரீபா’ என்று பிரெஞ்சில் பெயர் வைத்தான். ஷரீபா வீட்டில் என்று அர்த்தம்.

[கதைக்குள் ஷரீபாம்மாவை ‘அவள்’ என்று எழுதப்போகிறேன். கதைக்குள் எல்லோரும் என் வயதுக்கு வந்துவிடுகிறார்கள்.]

ரஞ்சிதத்தின் வீடு பழைய சுண்ணாம்புக் கட்டிடம். அவளுடைய அடுப்படியில் கைபேசிக் கோபுரத்தின் அலை எட்டாது. ஷரீபாவின் பெட்டியிலிருந்து மட்டும் கொல்லை வழியாக எட்டும். கடவுச்சொல்லை ஷரீபாவே சொல்லிக் கொடுத்திருந்தாள். மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் மகள் சத்யப்பிரியாவை மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டுதான் ரஞ்சிதம் மீன் ஆய்வாள். “எழுந்து நில்லுடி, வயித்தப் பாக்கணும்” என்பாள். மகளுக்கு ஏழு மாதம்.

அந்த மாடத்தில் தொலைபேசி இருந்த காலத்தில், மணி அடித்தால் முதலில் கத்துவது ரஞ்சிதம்தான். “அக்கா, போனு!” பாதி அழைப்பு அவளுக்குத்தான் வரும். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கொல்லை வழியாக ஓடி வருவாள். அந்த ரிசீவரில் மீன் கவிச்சியும் ஷரீபாவின் அத்தரும் கலந்து ஒரு மணம் இருக்குமாம்.

[அந்த மணம் எனக்குத் தெரியாது. நான் அப்போது இந்த ஊரிலேயே இல்லை. இதைச் சொல்லும்போது ஷரீபாம்மா தன் உள்ளங்கையை ஒருமுறை முகர்ந்து பார்த்தார். அதை நம்பித்தான் எழுதினேன்.]

3

ரஞ்சிதம் சுவருக்கு வரவில்லை. ஏன் என்று ஷரீபாவுக்குத் தெரியவில்லை. கடைசியாகப் பேசியதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். “எப்பப் பாரு போனும் கையுமா. மீனு கருகுது பாருடி.” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சிரிப்பு சுவரைத் தாண்டிப் போயிருக்குமா?

[நேரே போய்க் கேட்டுவிட வேண்டியதுதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இத்தனை வருடம் கேட்காமலே தெரிந்துகொண்டவளிடம் ‘உனக்கு என்ன கோபம்’ என்று கேட்பது, தெரியாதவளாகிவிட்டேன் என்று ஒப்புக்கொள்வது.]

சேதராப்பட்டு கம்பெனியில் ஷிப்டு முடிந்து வந்த ராமதாஸ்தான் விஷயத்தை உடைத்தான். ரஞ்சிதத்தின் புருஷன். வண்டியை நிறுத்திக்கொண்டே கேட்டான்.

“என்னக்கா, உங்க வைஃபையில எங்கள வெட்டி உட்டுட்டீங்களாமே? தெருமொனையில வெயில்ல நின்னு பொண்ணு மூஞ்சியப் பாக்குறா அவ.”

“யாரு, நானா?”

“பின்ன நானா? போனுல ரோஷமா உங்க வைஃபை பேரையே அழிச்சிட்டா.”

ஷரீபா மகனை அழைத்தாள்.

“ஆமாம்மா, மாத்தினேன். ஊர்ல எவனெவனோ புகுந்துர்றான். இப்ப தெரிஞ்ச போனு மட்டுந்தான் உள்ள வரும். ஒன்னுது, டிவி, மாடி அக்காது.”

[மாடி அக்கா நான்தான். வாடகை கொடுத்து வந்தவள் தெரிந்தவளாகிவிட்டேன்.]

“ரஞ்சிதம்?”

“ரஞ்சிதம் அத்தையா? எனக்கு எப்புடிம்மா தெரியும்? இங்க வெறும் நம்பர்தான் தெரியுது.”

“காச்சல்ல கெடந்தப்ப ஒனக்கு மூணு வேளையும் கஞ்சி ஊட்டினவடா.”

 “சரி, ஒண்ணு பண்றேன். கெஸ்ட் நெட்வொர்க்னு தனியா இருக்கு. நெட்டு கெடைக்கும். நம்ம டிவி, போனு எதையும் அவங்க தொட முடியாது. சேஃப்டி.”

“அவ கெஸ்ட்டாடா?” ஷரீபாவின் குரல் மாடிவரை கேட்டது. “கூடத்துல ஒக்கார வச்சு டீ குடுத்து அனுப்புறவங்க கெஸ்ட்டு. அவ அடுப்படிக்கு வந்து சட்டியத் தொறந்து, உப்பு பத்தலன்னு சொல்றவ. அவளுக்குத் தனி வாசலா?”

“கோவப்படாதம்மா. சமையல் நேரத்துல தெனம் வந்துட்டிருந்த நம்பரு ஒண்ணு இருக்கு, அதச் சேத்துட்டேன், போதுமா? இப்பவே வேலை செய்யும்.”

வேலை செய்திருக்கும். ஆனால் பெயரையே அழித்துவிட்டவளிடம் யார் சொல்வது? பூட்டிய சத்தமும் கேட்கவில்லை, திறந்த சத்தமும் கேட்கவில்லை. ‘தொறந்துட்டேன், வந்துக்க’ என்று போய்ச் சொன்னால், இரக்கப்பட்டுக் கொடுத்தது போலாகும்.

5

[நான்காம் பகுதியில் முடிவுகளை அடுக்கியிருந்தேன். ஒன்றில் சத்யப்பிரியா மஸ்கட்டிலிருந்து சமாதானம் பேசினாள். ஒன்றில் ரஞ்சிதம் மீன்குழம்போடு வந்தாள். இரண்டிலும் ஷரீபா சும்மா உட்கார்ந்திருந்தாள். அது அவளில்லை. கிழித்துவிட்டேன்.]

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கீழே நாற்காலி இழுபடும் சத்தம். படியிறங்கி எட்டிப் பார்க்கிறேன். ஷரீபாம்மா பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டார். மின்சாரமும் இணையமும் ஒரே கம்பியில் வருவதால் விளக்கு அணையவில்லை. மாட்டியபோது ஷஃபீக் சுருட்டி விட்டிருந்த மிச்சக் கம்பி அவர் பின்னாலேயே கூடத்தில், அடுப்படியில், கொல்லையில் அவிழ்ந்துகொண்டே வருகிறது.

“ஏ ரஞ்சிதம்!”

 அந்தப் பக்கம் மீன் உரசும் சத்தம் நின்றது.

“இந்தா, இத நீயே ஒன் வீட்டுல மாட்டிக்க. பூட்டுறதுன்னா நீ பூட்டு, தொறக்குறதுன்னா நீ தொற. இனிமே நான் ஒங்கிட்ட கேட்டு வாங்கிக்கிறேன்.”

ஷஃபீக்குக்கு இதெல்லாம் தெரியாது. அவனுடைய திரையில் பெட்டி நலமாக இருப்பதாகத்தான் காட்டும்.

ரஞ்சிதத்தின் அடுப்படிக் கதவு பாதி திறந்திருக்கிறது. உள்ளே நிற்கிறாள். கையெல்லாம் செதில். முகம் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது போல எழுதலாம். மனம் வரவில்லை. இவர்களோடு இத்தனை காலம் இருந்தவள் நானில்லை. அடுத்த வரியை நீங்கள் எழுதுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம். ஷரீபாம்மாவுக்கு வலது தோளில் வலி உண்டு. அந்தக் கையைத்தான் சுவருக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கிறார்.