புகழ்ச்சிக்குக் கீழே

“நான் நல்லதாச் சொன்னாக்கூட எதுக்கு இப்படி மூஞ்சியையே பார்க்கிற?” என்று பாண்டுரங்கன் ஒரு நாள் தன் மனைவி ஜெயத்தைக் கேட்டான். குழம்பு பிரமாதம் என்று சொல்லி, இன்னொரு கரண்டி கேட்ட நேரம் அது. புகழ்ச்சியைச் சந்தேகிக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்தவனே அவன்தான்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்கிய வருஷம். பாண்டுரங்கன் திண்டிவனத்தில் ஒரு ஹைஸ்கூலில் தமிழ் வாத்தியார். சாயங்காலம் ஐந்தாம் பாரத்துப் பையன்கள் சிலர் வீட்டுக்கு வருவார்கள். பாடப் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, பத்திரிகைகளில் வரும் கதைகளைப் பிரித்துக் காட்டுவான்.

“எழுதினவன் சொல்றத மட்டும் கேக்காதீங்கடா. எந்தக் குரல்ல சொல்றான்னு கேளுங்க. புகழ்ச்சி தேவைக்கு மேல போச்சுன்னா அதுக்குக் கீழே சிரிப்பு இருக்கும்.”

ஒரு வாக்கியத்தைப் படிக்கச் சொல்லுவான். அதிலிருந்து ‘அல்லவா’வை எடுத்துவிட்டு மறுபடி படிக்கச் சொல்லுவான். “இப்ப கேலி எங்கடா போச்சு? அந்த ஒரு சொல்லுலதான் ஒளிஞ்சிக்கினு இருந்துது.”

அடுப்படியிலிருந்து ஜெயம் எல்லாவற்றையும் கேட்டாள். விழுப்புரத்துக்குப் பக்கத்தில் காணை அவள் ஊர். அஞ்சாவதோடு நிறுத்திக் களையெடுக்க அனுப்பிவிட்டார்கள். வாத்தியார் சொன்ன வித்தை அவளுக்கும் பிடிபட்டது. பிடிபட்ட அன்றே நிம்மதி போயிற்று. ‘உன் கைப்பக்குவமே தனி’ என்றால், இது தேவைக்கு மேலா, சரியாகத்தான் இருக்கிறதா என்று நிறுத்துப் பார்த்தாள். படிக்காதவளைக் கட்டிக்கொண்டு இந்த மனுஷன் உள்ளுக்குள் சிரிக்கிறானா? அது மட்டும் தெரிந்தால் போதும் என்றிருந்தது.

ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம், புதிதாக வந்த பத்திரிகையிலிருந்து இருதயராஜ் என்ற பையன் ஒரு கதையை உரக்கப் படித்தான். புதுப் பெண்டாட்டியோடு ரயிலில் போகும் குமாஸ்தா சொல்வதுபோல் கதை. பெண்டாட்டி கேட்கிறாள்: “இந்த ரயில ஓட்டிக்கினு போறவரு எப்பங்க வீட்டுக்குப் போவாரு?” குமாஸ்தா சொல்கிறான்: ‘என் மனைவியின் அறிவுக்கு எல்லையும் உண்டோ!’

பையன்கள் சிரித்தார்கள். வேகவைத்த வேர்க்கடலைத் தட்டோடு வந்த ஜெயம் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். கல்யாணமாகி விழுப்புரத்தில் ரயிலேறி வந்தபோது, விக்கிரவாண்டி தாண்டியதும், அவன் காதோரம் அவள் கேட்ட கேள்வி அது.

“இங்க என்ன குரல், சொல்லு,” என்றான் பாண்டுரங்கன்.

“கேலி சார். பட்டிக்காட்டுப் பொண்ணுன்னு கிண்டல் பண்றாரு,” என்றான் இருதயராஜ்.

“சபாஷ்!”

“யாரு சார் எழுதனது? புனைபேராட்டம் இருக்குது.”

“யாரோ ஒருத்தன். அது எதுக்கு உனக்கு? மல்லாட்டையத் தின்னுட்டு ஜல்தியா கிளம்புங்கடா, மழை வருது.”

பையன்கள் தெருமுனை தாண்டும்வரை ஜெயம் காத்திருந்தாள்.

“ஏங்க, அந்தக் கதை நீங்க எழுதனதுதானே?”

அவன் பத்திரிகையை மடித்தான். “ஆமாம். ஆனா உன்னைக் கேலி பண்ணி எழுதல, ஜெயம். நெசமாவே அந்தக் கேள்வி எனக்குப் புடிச்சுது. இத்தினி வருஷமா ரயில்ல போறேன், எனக்குத் தோணலியே. கதையில அந்தக் குமாஸ்தாதான் மடையன். அவனைப் பார்த்துத்தான் சிரிக்கணும்.”

குரல் இறங்கியிருந்தது. எங்கே தட்டிப் பார்த்தாலும் அடியில் சிரிப்பு இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை. நம்பிவிடலாம் போலத்தான் இருந்தது.

“அப்ப இருதயராஜுக்கு எதுக்குங்க சபாஷ் சொன்னீங்க?”

பாண்டுரங்கன் கொடியில் கிடந்த துண்டை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தூறலில் இறங்கி நடந்தான்.