மயில் மார்க் வேட்டி

சகலமான பேருக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால்: பிலவங்க வருஷம் தை மாதம் பன்னிரண்டாம் தேதி காலை ஏழரை மணிக்கு, மூன்று தலைமுறையாகக் கடைவாசலை மிதித்தறியாத குடும்பத்தில் உதித்த ஸ்ரீமான் தாணுமாலையன் பிள்ளையவர்கள், பாரத தேசத்தின் விமோசனத்தை முன்னிட்டு, தமது சொந்தக் கால்களாலேயே நடந்து, திருநெல்வேலி கீழ ரத வீதிக்கு எழுந்தருளி, வேட்டி வாங்கினார்கள்.

பேரிகை முழங்கவில்லை. வாசலுக்குச் சாணி தெளித்துக்கொண்டிருந்த ஒருத்தி, "கொஞ்சம் ஒதுங்கிப் போங்க" என்றாள். பிள்ளை ஒதுங்கினார்.

பெரிய வீட்டுக்காரர்கள் கடைக்குப் போகிற வழக்கம் கிடையாது. ஆள் சொல்லிவிட்டால் ஜவுளிக்காரன் மூட்டையோடு வீட்டுக்கு வருவான். ஆனால் வருகிற மூட்டையெல்லாம் சீமைத் துணி. வந்த வினையே அதுதான். பிள்ளை சுதேசி சபைக்குத் தலைவர். போன கூட்டத்தில் அந்நியத் துணியைப் பஸ்மமாக்க வேண்டுமென்று அவர் கர்ஜித்துக்கொண்டிருந்தபோது, உபதலைவர் சிவசைலம் எழுந்து, "தலைவர் உடுத்திருக்கது எந்த ஊர்த் தறியில நெய்ததுன்னு தெரிஞ்சிக்கிடலாமா?" என்று கேட்டுவிட்டான். வக்கீல் குமாஸ்தா, கேள்வி கேட்டே வயிறு வளர்ப்பவன். கூட்டம் சிரித்தது. அன்றே தீர்மானமும் போட்டார்கள்: அடுத்த கூட்டத்துக்குத் தலைவர் சுதேசி வேட்டியில் வரவேண்டும், இல்லையென்றால் நாற்காலி சிவசைலத்துக்கு.

அடுத்த கூட்டம் இன்று சாயந்திரம் ஐந்து மணிக்கு.

சுதேசி வேட்டி வாங்கிக் கட்டிக்கொண்டால் போயிற்று என்பீர்கள். பிள்ளையின் தோல் அதற்குச் சம்மதிக்கவில்லை. நாலு தலைமுறையாகத் தாமிரவருணித் தண்ணீரில் இருபோகம் விளைந்து, யாரோ அறுத்து, யாரோ அளந்து கொண்டுவந்து போட்ட நெல்லில் வளர்ந்த தோல் அது. முரட்டு நூல் பட்டால் தடிப்புத் தடிப்பாய் வீங்கும்.

முதலில் ஐயம்பெருமாள் கடைக்குப் போனார். வாசலில் 'சுதேசிச் சரக்கு' என்று ஒரு முழ எழுத்தில் பலகை. உள்ளே வீரவநல்லூர் வேட்டி. பிள்ளை ஒன்றை எடுத்து முழங்கையில் போட்டுப் பார்த்தார், உடனே சொறிந்தார்.

"பத்தமடைப் பாய் இதைவிட மெதுவா இருக்குமேவே."

"நாலு வெளுப்பு வெளுத்தா பஞ்சா ஆயிரும், பிள்ளைவாள்."

"நாலு வெளுப்புக்குள்ள நாற்காலி போயிருமே!" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்று இறங்கிவிட்டார்.

அப்புறம் வீதி நெடுக நடந்தார். பித்தளைக் கடை, வளையல் கடை, உடன்குடிக் கருப்பட்டி மண்டி. ஆளாளுக்கு, "என்ன பிள்ளைவாள், நீங்களேவா?" என்றார்கள். "தேசத்துக்காக" என்றார் பிள்ளை. கருப்பட்டிக்காரன் சரக்கையும் தேசத்துக்காகத்தான் கேட்கிறாரென்று நினைத்து ஒரு சிப்பம் எடுத்து வைத்தான்.

கடைசியில் பீர் மைதீன் சாயபு கடை. மூட்டையோடு வீட்டுக்கு வருகிற அதே பீர் மைதீன்தான்.

"வாங்க பிள்ளைவாள்! ஆளனுப்பினா நானே வந்திருப்பேனே."

"நீரு கொண்டாறது பூரா சீமைச் சரக்குவே. எனக்கு சுதேசி வேணும். ஆனா உடுத்தா உடுத்த மாதிரியே தெரியக்கூடாது."

"அப்படி ஒரு சுதேசி இன்னும் நெய்யலையே! மேலப்பாளையத்துத் தறி இருக்கு. உடுத்தா நல்லாவே தெரியும்."

பிள்ளையின் பார்வை மேல் அலமாரியில் நின்றது. பால்போல ஒரு வேட்டி மடி. அதன்மேல் உள்ளங்கையகலச் சீட்டு. சீட்டில் ஆறுமுகமும் பன்னிரு கையுமாய் முருகன், மயில்மேல், வள்ளி தெய்வானையோடு, தங்க மையில் தகதகவென்று.

"அதை எடும்."

"அது உங்களுக்கு ஆகாது. சீமை மல் துணி."

"யாரு சொன்னா?"

"விக்கவன் நானே சொல்லுதேன்."

"முருகன் நிக்காருவே! முருகன் என்ன லண்டன்லயா பொறந்தாரு?"

"அவரு அங்கன பொறக்கல, பிள்ளைவாள். படத்தை அங்கன அச்சடிக்கான். சாமி படம் ஒட்டினா நம்மாளு வாங்குவான்னு அவனுக்குத் தெரியும்."

"மாடு திங்கவன் முருகனைத் தொட்டு ஒட்டுவானா? கை வெந்துராது?"

"பதினஞ்சு வருசமா ஒட்டுதான். வேகலை."

பிள்ளை மடியைத் தடவினார். தோல் ஒன்றும் சொல்லவில்லை. முருகன் கைவிடமாட்டான் என்று அவருக்குத் தெரியும். சாயபு ஏன் மறைக்கிறான் என்பதுதான் யோசனை. வியாபாரி 'வேண்டாம்' என்று சொல்கிற சரக்கை வேறு யாருக்கோ கூடுதல் விலைக்கு ஒதுக்கி வைத்திருக்கிறான் என்று அர்த்தம். இது அவர் தகப்பனார் சொல்லிக்கொடுத்த பாடம். கடைக்கே போகாத தகப்பனார்.

"சிவசைலத்துக்கு எடுத்து வச்சிருக்கீராக்கும்?"

"அல்லா மேல ஆணையா, மான்செஸ்டர் துணி! பொய் சொல்லி விக்கவனைப் பாத்திருக்கேன். நிசத்தைச் சொல்லி மன்றாடுதவன் நான் ஒருத்தன்தான். இந்தா பாருங்க, படத்துக்குக் கீழ இங்கிலீசு. 'மேட் இன் இங்கிலாண்டு'ன்னு போட்டிருக்கு."

"நீரு இங்கிலீசு படிச்சவரோ?"

"இல்ல. தூத்துக்குடி ஏஜெண்டு சொன்னான்."

"பாத்தீரா! அவன் சொன்னானாம், இவரு நம்பினாராம். அது துறைமுகத்துல சுங்கக்காரன் அடிச்ச முத்திரைவே." பிள்ளைக்குக் கையெழுத்துப் போடுகிற அளவுக்கு இங்கிலீஷ் வரும், அந்தச் சொற்கள் எதுவும் அவர் பெயரில் இல்லாதபடியால் மேற்கொண்டு ஆராயவில்லை. "முருகன் காலடியில மிலேச்ச எழுத்து கிடக்கப்படாது. கத்திரியக் கொண்டாரும்."

"சீட்டையே கிழிச்சிரட்டுமா?"

"கிழிக்கவா? அதுதான்வே அத்தாட்சி!"

சாயபு பெருமூச்சு விட்டு, இங்கிலாந்தை மட்டும் கத்தரித்தெடுத்தார். இடுப்புக்குக் கீழே சுவாமி வரலாகாது என்பதால் மடியை இரண்டாக வெட்டி, சீட்டிருந்த பாதியை மேல்வேட்டியாக்கினார். விலையைச் சாயபு சொன்னார். பிள்ளை பேரம் பேசவில்லை. பேரம் பேசினால் நிஜமாகவே கொடுக்காமல் இருந்துவிடுவானோ என்று பயம்.

சாயந்திரம் ஆற்றங்கரைப் படித்துறையில் இருநூறு பேர். பிள்ளை நாற்காலியில் உட்காருமுன்பே சிவசைலம் எழுந்துவிட்டான்.

"தலைவர் துணி எந்த ஊர்த் தறி?"

பிள்ளை மேல்வேட்டியைப் பையத் திருப்பி மார்பின்மேல் விட்டார். மாலை வெயிலில் தங்க மை பளிச்சென்றது. முன்வரிசையில் நாலு பேர் கைகூப்பினார்கள்.

சிவசைலம் விடுகிறவனில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கிட்டே வந்தான். இரண்டு விரலால் துணியை நெருடினான்.

"இது மல்லுல்லா!"

"ஏலே, வெத்தல போட்ட கையால சாமி படத்தைத் தொடாத!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"கீழ எழுத்து இருந்திருக்கணுமே?" சிவசைலம் குனிந்து தேடினான். ஒன்றுமில்லை. கத்தரித்த விளிம்பு மட்டும் நேராக இருந்தது.

"முருகனுக்கு அட்ரஸ் கேக்காம்ல!" என்றான் ஒருத்தன். "வேல் வேல்!" என்றான் இன்னொருத்தன். இருநூறு பேரும் "வேல் வேல்!" என்றார்கள். சிவசைலம் நிலைமையை நிதானித்தான். பிறகு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தான்.

பிள்ளை ஒன்றரை மணி நேரம் பேசினார். ஒருதரம்கூடச் சொறியவில்லை. சுதேசித் துணி முரடு என்பது அந்நியன் கட்டிவிட்ட கதை. நம் நாட்டு நூல் பூவிதழைப் போன்றது. இதோ சாட்சி என்று மார்பைத் தட்டினார். எங்கே கிடைக்குமென்று கேட்டார்கள். சொன்னார். "சாயபு இல்லைன்னு சொல்லுவாரு, சீமைத்துணின்னு சாதிப்பாரு. விடாதீய" என்றும் சொன்னார்.

மறுநாள் விடியவும் பீர் மைதீன் கடை வாசலில் கூட்டம். சாயபு படியில் நின்று, "சீமைத் துணிங்க! மான்செஸ்டர் துணிங்க!" என்று ஒவ்வொருத்தரிடமும் சொன்னார். "அதெல்லாம் பிள்ளைவாள் சொல்லிட்டாரு. எழுத்தைக் கத்தரிச்சுட்டுத் தாரும்" என்றார்கள். சிவசைலம் இரண்டு ஜோடி வாங்கினான். வீதியின் அந்தக் கோடியில் ஐயம்பெருமாள் 'சுதேசிச் சரக்கு' பலகைக்கு அடியில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

மத்தியானத்துக்குள் மயில் மார்க் தீர்ந்துவிட்டது. சாயபு தூத்துக்குடி ஏஜெண்டுக்கு எழுதி, மான்செஸ்டரிலிருந்து இன்னும் நாற்பது கட்டு வரவழைத்தார்.